வகைப் படங்களின் உள்ளுறை: ஹாலிவுட் படங்களின் மறைபொருளைப் படிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

குறுந்தொகையின் எட்டாம் பாட்டில், வயலோரத்து மாமரத்திலிருந்து பழுத்துத் தானாக உதிரும் பழத்தைக் குளத்து வாளைமீன் கவ்விக்கொள்கிறது. அப்படிப்பட்ட ஊர்க்காரன் தலைவன். பேசுகிறவள் பரத்தை. ‘அவனை நான் வளைத்துப் போடவில்லை, அவனாகவே வந்து விழுந்தான்’ என்று அவள் வாய்விட்டுச் சொல்வதில்லை. பழமும் மீனும் சொல்லிவிடுகின்றன. தமிழ் இலக்கணம் இதற்கு உள்ளுறை என்று பெயர் வைத்தது. ஹாலிவுட்டில் சப்டெக்ஸ்ட் என்பது ஏறக்குறைய இதுதான்.

இந்த ஒப்பீடு இன்னும் கொஞ்ச தூரம் உதவும். சங்கப் பாட்டின் உள்ளுறை பிடிபடுவதற்குக் காரணம் திணை. மருதம் என்றால் வயல், ஊடல், பரத்தை என்று கேட்பவருக்கு முன்பே தெரியும். வெஸ்டர்ன், பேய்ப்படம், ஜாம்பிப் படம், துப்பறியும் படம், அறிவியல் புனைவு ஆகியவையும் இப்படித் திணைகள்தாம். நிலம், பொழுது, வழக்கமான ஆட்கள், வழக்கமான முடிவு எல்லாம் ஏற்கெனவே வகுத்து வைத்தவை. வழக்கம் தெரிந்தவருக்குத்தான் மீறல் கண்ணில் படும். இந்த வழிகாட்டி முழுவதும் அந்த மீறலைப் பிடிப்பதைப் பற்றியது. ‘ஹிட்டன் டீடெய்ல்ஸ்’ வீடியோக்கள் செய்வது வேறு வேலை. சுவரில் தொங்கும் போஸ்டர், முந்தைய படத்தின் கார் நம்பர் என்று அவை ஒளித்து வைத்த பொருள்களைக் கண்டெடுக்கின்றன. வேடிக்கைதான், ஆனால் அதிலிருந்து படத்துக்கு எந்தப் பொருளும் கிடைப்பதில்லை.

கீழே பல படங்களின் முடிவுகள் வெளிப்படையாகப் பேசப்படுகின்றன.

தொடங்குமுன்

ஒரு படம், ஒரு நோட்டு, மூன்று முறை பார்க்கும் பொறுமை. இரண்டு மணி நேரப் படமென்றால் முதல் முறை இரண்டு மணி, நிறுத்தி நிறுத்திப் பார்க்கும் இரண்டாம் முறை நான்கு மணி, தேர்ந்த காட்சிகளை மட்டும் பார்க்கும் மூன்றாம் முறை ஒன்றிரண்டு மணி. ஒரே நாளில் முடிக்க வேண்டாம். முதல் இரண்டுக்கும் நடுவே ஒரு ராத்திரி தூங்கி எழுந்தால் எது மனத்தில் தங்கியது என்று தெரியும்.

தமிழ் டப்பிங்கில் பார்க்காதீர்கள். ஆங்கில ஒலியும் ஆங்கில சப்டைட்டிலும் வேண்டும். ‘கெட் அவுட்’ படத்தில் நிலவறையைப் பூட்டி வைத்ததற்குப் பெண்ணின் அப்பா சொல்லும் காரணம் ‘கறுப்புப் பூஞ்சணம்’. டப்பிங்கில் வெறும் ‘பூஞ்சணம்’ என்று வந்துவிட்டால் குறிப்பே போயிற்று.

எந்தப் பதிப்பைப் பார்க்கிறீர்கள் என்பதையும் நோட்டின் முதல் வரியிலேயே எழுதிவிடுங்கள். ‘பிளேட் ரன்னர்’ 1982இல் தியேட்டருக்கு வந்தபோது கதாநாயகனின் குரல் பின்னணியில் கதை சொல்லும், முடிவும் சுபம். 1992 பதிப்பில் இரண்டும் போய், அவன் ஒற்றைக்கொம்புக் குதிரையைக் கனவு காணும் காட்சி சேர்ந்தது. 2007இல் மறுபடியும் ஒரு பதிப்பு. ‘அவன் மனிதனா, செயற்கை மனிதனா?’ என்று சண்டை போடுகிறவர்களில் பாதிப் பேர் வேறு வேறு படங்களைப் பார்த்துவிட்டுச் சண்டை போடுகிறார்கள்.

1. முதல் முறை: பேனாவைத் தொடாதீர்கள்

சாதாரண ரசிகராக உட்காருங்கள். பயப்பட வேண்டிய இடத்தில் பயப்படுங்கள். பார்க்குமுன் விமரிசனமோ விளக்க வீடியோவோ வேண்டாம். யாரோ ‘இது முதலாளித்துவத்தைப் பற்றிய படம்’ என்று காதில் போட்டுவிட்டால், பிறகு திரையில் வரும் ரூபாய் நோட்டெல்லாம் சாட்சி ஆகிவிடும்.

படம் முடிந்து பத்து நிமிடத்துக்குள் ஐந்து வரி எழுதுங்கள். கதைச் சுருக்கம் வேண்டாம். உறுத்தியது எது, காரணமில்லாமல் நினைவில் நிற்கும் பொருள் எது, எந்தச் சிரிப்பு சங்கடமாக இருந்தது, முடிவில் நிம்மதி வந்ததா, வரவில்லையென்றால் ஏன்? இந்த ஐந்து வரிதான் பின்னால் நீங்கள் வழி தவறும்போது திரும்பி வர வேண்டிய இடம்.

2. திணையை எழுதுங்கள், பிறகு மீறலைக் குறியுங்கள்

இந்த வகைப் படம் வழக்கமாக எப்படி இருக்கும்? ஆறு விஷயம் போதும்: இடம், காலம், நாயகன், எதிரி, தீர்வு வரும் வழி, கடைசிக் காட்சி. எழுதிவிட்டுப் பக்கத்தில் உங்கள் படம் என்ன செய்கிறது என்று எழுதுங்கள்.

வெஸ்டர்னை எடுத்துக்கொள்வோம். இடம் எல்லைப்புறச் சிற்றூர். நாயகன் சட்டத்தைக் காக்கும் துப்பாக்கிக்காரன். எதிரி வெளியிலிருந்து வருகிறான். ஊர் நல்லது, காப்பாற்றத் தகுந்தது. துப்பாக்கிச் சண்டையில் தீர்வு வருகிறது. ஊர் நன்றி சொல்கிறது.

இப்போது 1952இல் வந்த ‘ஹை நூன்’. நண்பகல் ரயிலில் கொலைகாரன் வருகிறான், அவனுடைய ஆட்கள் ஸ்டேஷனில் காத்திருக்கிறார்கள். மார்ஷல் வில் கேன் ஊரில் ஒவ்வொரு கதவாகத் தட்டுகிறான். நீதிபதி மூட்டை கட்டுகிறார். நண்பன் வீட்டில் இல்லையென்று பெண்டாட்டியை விட்டுச் சொல்லச் சொல்கிறான். சர்ச்சில் கூடிய கூட்டம் நிதானமாக விவாதித்து, அவன் ஊரைவிட்டுப் போவதே எல்லாருக்கும் நல்லது என்று முடிவு செய்கிறது. கடைசியில் எதிரிகள் செத்த பிறகு ஊரார் வெளியே வருகிறார்கள். அவன் தன் நட்சத்திர பேட்ஜைக் கழற்றிப் புழுதியில் போட்டுவிட்டுப் போகிறான்.

ஆறில் இரண்டு மாறியிருக்கின்றன: ஊர் நல்லதல்ல, கடைசியில் நன்றி இல்லை. துப்பாக்கிச் சண்டை வழக்கம்போலத்தான். எனவே படத்தின் பொருளைச் சண்டையில் தேட வேண்டாம், கதவுகளில் தேடுங்கள். எத்தனை கதவு, ஒவ்வொன்றுக்கும் என்ன சாக்கு என்று பட்டியல் போட்டாலே பாதி வேலை முடிந்தது. அந்தச் சாக்குகள் எல்லாமே மரியாதையானவை, நியாயம் போலத் தோன்றுபவை என்பது அப்போது தெரியும்.

இங்கே அடிக்கடி நடக்கும் தவறு ஒன்று: வகையின் பொதுவழக்கத்தையே ஆழ்ந்த குறியீடாகப் படிப்பது. பேய்ப்படத்தில் வீடு இருட்டாக இருப்பதற்கு உளவியல் விளக்கம் தேவையில்லை. அந்த வகையில் குறைந்தது ஐந்தாறு படம் பார்க்காமல் மீறலை அடையாளம் காண முடியாது.

3. மூன்று கேள்விகள்

அமெரிக்கப் பேய்ப்படங்களைப் பற்றி விமரிசகர் ராபின் வுட் 1979இல் ஒரு எளிய சூத்திரம் சொன்னார்: இயல்பு வாழ்க்கையை ஒரு பூதம் அச்சுறுத்துகிறது. அதிலிருந்து மூன்று கேள்விகள் பிறக்கும். பேய்ப்படத்துக்கு மட்டுமல்ல, எல்லா வகைக்கும் பொருந்தும்.

இந்தப் படத்தில் ‘இயல்பு’ எது, அதில் யாருக்கு இடம் இல்லை? பூதம் எங்கிருந்து வருகிறது, வெளியிலிருந்தா, வீட்டுக்குள்ளிருந்தா, நாமே உண்டாக்கியதா? முடிவில் திரும்பி வருவது அதே இயல்புதானா?

‘ஜாஸ்’ (1975) படத்தில் சுறா கடலிலிருந்து வருகிறது. ஆனால் கடற்கரையை மூட விடாமல் தடுப்பது ஊர் மேயர். ஜூலை 4 விடுமுறைக்கு வரும் கூட்டம் போய்விட்டால் ஊரின் பிழைப்பு போய்விடும் என்பது அவர் வாதம். மூல நாவலில் இந்த மேயருக்கு மாஃபியா தொடர்பு உண்டு, அதனால் அவருக்கு நெருக்கடி. படம் அதை வெட்டி எறிந்துவிட்டது. விளைவு என்ன? நாவலின் மேயர் ரவுடிகளிடம் மாட்டிக்கொண்ட ஒருவர். படத்து மேயர் சாதாரண வியாபார நியாயத்தைப் பேசும் சாதாரண மனிதர். அவருடைய பிள்ளைகளும் அதே கரையில் இருந்தார்கள் என்று பிறகு அவரே சொல்கிறார். நாவலையோ சிறுகதையையோ தழுவிய படமென்றால், எதை நீக்கினார்கள் என்று பார்ப்பது மிகவும் பலன் தரும். சேர்த்ததைவிட நீக்கியது அதிகம் சொல்லும்.

4. இரண்டாம் முறை: மூன்று பத்தி நோட்டு

பக்கத்தை மூன்றாகக் கோடு போடுங்கள். முதல் பத்தியில் நேரம். இரண்டாவதில் கண்ணால் கண்டது அல்லது காதால் கேட்டது மட்டும், விளக்கம் கூடாது. மூன்றாவதில் ஒரே கேள்வி: இது இல்லாவிட்டால் கதை நின்றுவிடுமா? ‘நிற்காது’ என்று பதில் வந்தால் பக்கத்தில் நட்சத்திரம். கதைக்குத் தேவையில்லாததைப் பணம் செலவழித்து எடுத்திருக்கிறார்கள் என்றால் வேறு ஏதோ தேவை இருந்திருக்க வேண்டும்.

ஜோர்டன் பீல் எழுதி இயக்கிய ‘கெட் அவுட்’ (2017) இதற்கு நல்ல பயிற்சிப் படம். கறுப்பின இளைஞன் கிறிஸ், வெள்ளைக்காரக் காதலி ரோஸின் பெற்றோரைப் பார்க்கப் போகிறான். வாய்க்கு வாய் முற்போக்கு பேசும் குடும்பம். ஒபாமா மூன்றாம் முறை நின்றிருந்தாலும் ஓட்டுப் போட்டிருப்பேன் என்கிறார் அப்பா. அந்தக் குடும்பம் கறுப்பர்களைப் பிடித்து, வயதான வெள்ளையர்களின் மூளையை அந்த உடல்களில் வைத்து விற்கிறது. நோட்டில் வரக்கூடிய நட்சத்திரங்கள் சில:

தொடக்கத்தில் ராத்திரித் தெருவில் ஒரு கறுப்பு இளைஞனைக் கடத்துகிறார்கள். கடத்த வந்த வெள்ளைக் காரில் பாடும் பாட்டு, ஓடு முயலே ஓடு என்று முயலை விரட்டுகிற பழைய பாட்டு.

போகும் வழியில் காரில் மான் அடிபடுகிறது. கிறிஸ் இறங்கிப் போய், செத்துக்கொண்டிருக்கும் மானைப் பார்த்தபடி நிற்கிறான். கதை நகர இது தேவையில்லை.

போலீஸ்காரர், வண்டி ஓட்டாத கிறிஸிடம் அடையாள அட்டை கேட்கிறார். ரோஸ் கோபப்பட்டுத் தடுக்கிறாள். முதல் முறை பார்க்கும்போது காதலி துணை நிற்கிறாள் என்று தோன்றும். இரண்டாம் முறை புரியும்: அவன் இந்த வழியாக வந்தான் என்ற பதிவே இருக்கக் கூடாது.

ரோஸின் அப்பா, மான்கள் பெருகிவிட்டன, எலிகளைப் போல, ஒன்று செத்தது நல்லதே என்கிற தோரணையில் பேசுகிறார். அவருடைய அப்பா 1936 பெர்லின் ஒலிம்பிக் தகுதி ஓட்டத்தில் கறுப்பின ஓட்டவீரர் ஜெஸ்ஸி ஓவன்ஸிடம் தோற்றவர்.

அம்மா தேநீர்க் கோப்பையில் கரண்டியைச் சுழற்றி அவனை வசியம் செய்கிறாள். அவன் இருட்டுக்குள் விழுகிறான். அங்கிருந்து உலகம் தொலைவில் ஒரு டிவி திரை அளவில் தெரிகிறது. பார்க்கலாம், கை காலை அசைக்க முடியாது.

விருந்தாளிகள் அவன் புஜத்தைத் தொட்டுப் பார்க்கிறார்கள். பிறகு சத்தமே இல்லாமல் பிங்கோ அட்டைகளைத் தூக்கி ஏலம் எடுக்கிறார்கள். ஏலத்தில் ஜெயிப்பவர் பார்வையற்ற ஓவிய வணிகர்.

நிலவறையில் நாற்காலியோடு கட்டிப்போட்டிருக்கும்போது, எதிர்ச் சுவரில் பாடம் செய்த மான் தலை. நாற்காலிக் கையின் தோலைக் கிழித்து அவன் பஞ்சைப் பிடுங்கிக் காதில் அடைத்துத் தப்பிக்கிறான். அப்பாவைக் கொல்வது அந்த மானின் கொம்பால்.

தன் அறையில் ரோஸ் வண்ணத் தானிய வளையங்களைத் தனியாகச் சாப்பிட்டுவிட்டு, பாலைத் தனியாக உறிஞ்சுகிறாள்.

5. நட்சத்திரங்களைக் கூட்டம் சேருங்கள்

ஒற்றை நட்சத்திரத்தை வைத்து எதுவும் சொல்லாதீர்கள். குறைந்தது மூன்று ஒரே திசையில் போக வேண்டும், அவற்றில் ஒன்றாவது கதையின் திருப்பத்தில் இருக்க வேண்டும். தனியாகப் பார்த்தால் பால்-தானியம் வெறும் விசித்திரம். வெள்ளையையும் நிறத்தையும் கலக்க விடாதவள் என்று சொல்லலாம், அழகான கண்டுபிடிப்புதான், ஆனால் அதன் மேல் வீடு கட்ட முடியாது.

கூட்டம் சேர்த்தால் இப்படி வரும். முயல், மான், பாடம் செய்த தலை: வேட்டை. புஜத்தைத் தொடுவது, ஏலம், பஞ்சு: அடிமை வாணிகம். அமெரிக்கத் தெற்கில் அடிமைகளின் கை பட்ட பயிர் பருத்தி. அதையே பிடுங்கி விடுதலை அடைகிறான். ஓவன்ஸிடம் தோற்ற தாத்தா: வெறுப்பைவிடப் பொறாமையே வேராக இருக்கிறது. அந்தத் தாத்தாவின் மூளை ஒரு கறுப்பு உடலில் புகுந்து ராத்திரியில் முற்றத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது.

இந்த மூன்றையும் எல்லாரும் எடுப்பார்கள். நான்காவது கூட்டம் பலருக்குத் தப்பிவிடும்: பார்ப்பது. கிறிஸ் புகைப்படக்காரன். பார்வையற்றவர் வாங்க விரும்புவது அவன் கண்ணை. அடிமைப்பட்டவர்களை ஒரு கணம் விழிக்க வைப்பது போன் கேமராவின் ஃப்ளாஷ். இருட்டுக்குள் தெரிவது டிவி திரை. கிறிஸின் அம்மா சாலையில் கார் மோதிக் கிடந்த நேரத்தில், சிறுவனான அவன் யாருக்கும் போன் செய்யாமல் டிவி பார்த்தபடி உட்கார்ந்திருந்தான் என்று வசிய மயக்கத்தில் அவனே ஒப்புக்கொள்கிறான். சாலையோர மான் யார் என்று இப்போது தெரிகிறது. தப்பி ஓடும்போது அவன் கார் அந்த வீட்டுக் கறுப்பின வேலைக்காரியின் மேல் மோதுகிறது. நிறுத்தாமல் போனால் உயிர் பிழைக்கலாம். அவன் இறங்கி அவளைத் தூக்கிக் காரில் போடுகிறான். அவளுக்குள் இருப்பது அந்த வீட்டுப் பாட்டி, விழித்தவுடன் அவனைத் தாக்குகிறாள். திகில் படத்தின் கணக்கில் அது முட்டாள்தனம். இந்தக் கூட்டத்தின் கணக்கில் அந்த ஒரு செயலுக்காகத்தான் மான் செத்தது: பார்த்துக்கொண்டே சும்மா இருந்தவன் இந்த முறை சும்மா இருக்கவில்லை. இனவெறி பற்றிய படம் என்பதோடு நின்றிருந்தால் இந்தக் காட்சியை விளக்க முடியாமல் விட்டிருப்போம்.

நல்ல விளக்கத்தின் அடையாளமும் இதுவே. நீங்கள் தேடாத காட்சி ஒன்றுக்கும் அது விடை தர வேண்டும்.

6. மூன்று தேதிகள்

எழுதிய காலம், படம் பிடித்த காலம், வெளியான காலம். மூன்றையும் தனித்தனியே குறியுங்கள். வெளியான ஆண்டை மட்டும் பார்த்துக் காரணம் சொல்வது மிகப் பரவலான பிழை. ‘கெட் அவுட்’ திரையரங்குக்கு வந்தது 2017 பிப்ரவரியில், டிரம்ப் பதவியேற்ற அடுத்த மாதம். ஆனால் பீல் அதை எழுதியது ஒபாமா காலத்தில், அமெரிக்காவில் இனவெறி ஒழிந்துவிட்டது என்று பேசிக்கொண்டிருந்தவர்களை மனத்தில் வைத்து. அதனால்தான் வில்லன்கள் கொடி பிடித்த வெறியர்களாக இல்லாமல், ஒபாமாவுக்கு ஓட்டுப் போடுகிறவர்களாக இருக்கிறார்கள்.

இதைவிடக் கூர்மையான உதாரணம் ஜார்ஜ் ரொமேரோவின் ‘நைட் ஆஃப் தி லிவிங் டெட்’. ஜாம்பிகளிடமிருந்து ராத்திரி முழுவதும் போராடிப் பிழைத்த கறுப்பு நாயகன் பென், விடிந்ததும் காப்பாற்ற வந்த வெள்ளையர் கும்பலால் ஜாம்பி என்று சுடப்பட்டுச் சாகிறான். பிறகு சொரசொரப்பான செய்தித்தாள் படங்கள் போலச் சில நிழற்படங்கள்: கொக்கியால் உடலை இழுப்பது, தீ மூட்டுவது. படம் 1968 அக்டோபரில் வெளியானது. அதே ஆண்டு ஏப்ரல் 4 அன்று மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்டார். ‘கிங் கொலைக்கு எதிர்வினை’ என்று எழுதத் தோன்றும், ஆனால் படம்பிடிப்பு 1967லேயே முடிந்துவிட்டது. பிரதியை எடுத்துக்கொண்டு நியூயார்க் போகும் காரில்தான் ரொமேரோவும் கூட்டாளியும் அந்தச் செய்தியைக் கேட்டார்கள். பென் கறுப்பர் என்று திரைக்கதையில் இல்லை, நடிப்புத் தேர்வில் டுவேன் ஜோன்ஸ் நன்றாகச் செய்ததால் எடுத்தோம் என்றும் ரொமேரோ சொல்லியிருக்கிறார்.

அப்படியானால் உள்ளுறை இல்லையா? இருக்கிறது. ஜோன்ஸ் வந்த பிறகும் முடிவை மாற்றாமல் விட்டது ஒரு முடிவு. கறுப்பர்களைக் கும்பல் கொன்ற நிழற்படங்களுக்கு அமெரிக்காவில் நெடிய வரலாறு உண்டு, கிங் கொலைக்கு மிக முந்தியது. எனவே ‘எதிர்வினை’ என்று எழுதாதீர்கள். ‘1968இன் பார்வையாளர் இதை இப்படித்தான் பார்த்திருக்க முடியும்’ என்று எழுதுங்கள். நோக்கம், விளைவு இரண்டையும் ஒரே வாக்கியத்தில் குழப்பினால் கட்டுரை அங்கேயே உடையும்.

7. சும்மா நடந்ததைக் கழித்துவிடுங்கள்

சினிமா தொழிற்சாலைப் பண்டம். இயந்திரக் கோளாறு, ஸ்டுடியோ உத்தரவு, தணிக்கை, வக்கீல் கடிதம் எல்லாம் படத்தில் தழும்பு விடும். விளக்கம் எழுதுமுன் இவற்றைக் கழிக்க வேண்டும்.

‘ஜாஸ்’ படத்தில் சுறா வெகுநேரம் கண்ணில் படாததற்கு முதல் காரணம் தத்துவமல்ல, இயந்திரச் சுறா உப்புத் தண்ணீரில் பழுதாகிக்கொண்டே இருந்தது. இயக்குநர் ஸ்பீல்பெர்க் மிதவைப் பீப்பாய்களையும் இசையையும் வைத்துச் சமாளித்தார். ‘காணாத எதிரி’ என்று எழுதலாம், தப்பில்லை. திட்டமிட்டு ஒளித்தார் என்று மட்டும் எழுதக் கூடாது. அதே படத்தில் சுறா வேட்டைக்காரர் குவின்ட், இண்டியானாபோலிஸ் கப்பல் மூழ்கிய கதையைச் சொல்லும்போது ஜூன் 29 என்கிறார். உண்மையில் அது 1945 ஜூலை 30. ஏதோ ரகசியக் குறிப்பு என்று கிளம்பிவிடாதீர்கள், வெறும் பிழை. ஆனால் அந்தக் கப்பல் ஹிரோஷிமா குண்டின் பாகங்களைக் கொண்டு சேர்த்துவிட்டுத் திரும்பியது என்பதை வசனத்தில் வைத்தது பிழையல்ல. அங்கே ஒரு நட்சத்திரம் போடலாம்.

கழிக்கத் தவறினால் என்ன ஆகும் என்பதற்கு ஓட்டலில் நடக்கும் பேய்ப்படமான ‘தி ஷைனிங்’ (1980) சாட்சி. நாவலில் 217ஆம் எண் அறை, படத்தில் 237. சந்திரனுக்கு 2,37,000 மைல், ஆகவே இயக்குநர் குப்ரிக் நிலவுப் பயணத்தைப் போலியாக எடுத்துக் கொடுத்ததை ஒப்புக்கொள்கிறார் என்று ஒரு கூட்டம் கிளம்பியது. முதலில், சந்திரனின் சராசரி தூரம் ஏறத்தாழ 2,38,900 மைல். அடுத்து, வெளிப்புறக் காட்சி எடுத்த ஓரிகனின் டிம்பர்லைன் லாட்ஜ்தான் எண்ணை மாற்றச் சொன்னது. படம் பார்த்தவர்கள் 217இல் தங்கப் பயப்படுவார்களே என்ற கவலை. அங்கே 237 என்று அறையே இல்லை. இப்படிப்பட்ட விளக்கங்களை மட்டும் தொகுத்து ‘ரூம் 237’ என்று 2012இல் ஓர் ஆவணப்படமே வந்தது. ஒவ்வொரு பிழையையும் பெயர் வைத்துப் பிடிக்க அது நல்ல பயிற்சி நூல் மாதிரி.

1968க்கு முந்தைய படமென்றால் தணிக்கையைத் தெரிந்துகொள்ளாமல் நகரவே முடியாது. 1934 முதல் கறாராக நடைமுறையில் இருந்த தயாரிப்பு விதித்தொகுப்பு, காமத்தையும் ஓரினக் காதலையும் தண்டனை இல்லாத குற்றத்தையும் திரையில் வர விடவில்லை. 1968இல் தரச் சான்று முறை வந்தபோதுதான் அது ஒழிந்தது. நேரடியாகச் சொல்ல முடியாததைப் பொருள்கள் சொல்ல வேண்டியிருந்தது. ‘தி மால்டீஸ் ஃபால்கன்’ (1941) படத்தில் ஜோயல் கெய்ரோ உள்ளே வருமுன் அவன் விசிட்டிங் கார்டு வருகிறது. செயலாளர் அதைத் தரும்போது, கார்டீனியாப் பூவின் வாசனை என்கிறாள். பேசும்போது கைத்தடியின் பிடியை உதட்டருகே கொண்டு போகிறான். அவன் ஓரினக் காதலன் என்று நாவல் வெளிப்படையாகச் சொன்னதை ஒரு வாசனையும் ஒரு கைத்தடியும் சொல்லிவிட்டன, தணிக்கையாளரால் எதையும் வெட்ட முடியவில்லை. வாளைமீனும் மாம்பழமும் போலத்தான்.

8. எதிர் விளக்கத்தை நீங்களே எழுதுங்கள்

கிடைத்த விளக்கத்தைத் தலைகீழாக்கி, அதற்கும் சாட்சி தேடுங்கள். நேர்மையாகத் தேட வேண்டும்.

1956இல் வந்த ‘இன்வேஷன் ஆஃப் தி பாடி ஸ்நாட்சர்ஸ்’ படத்தில், சான்டா மீரா என்ற சிற்றூரில் ராட்சத விதைப்பைகள் மனிதர்களை நகலெடுக்கின்றன. தூங்கினால் போச்சு. நகலுக்கு அதே முகம், அதே நினைவு, உணர்ச்சி மட்டும் கிடையாது. ஒரு விளக்கம்: கம்யூனிச ஊடுருவல் பற்றிய அச்சம். பக்கத்து வீட்டுக்காரரே ‘அவர்களில் ஒருவர்’. எதிர் விளக்கம்: கம்யூனிஸ்டுகளை வேட்டையாடிய செனட்டர் மெக்கார்த்தியின் காலத்தில் ஊரே ஒரே குரலில் பேசி, மாறுபட்டவனை விரட்டியது பற்றிய அச்சம். இரண்டுக்கும் திரையில் சாட்சி ஒரே அளவு இருக்கிறது. அப்போது ஒன்றைத் தேர்ந்தெடுத்து மற்றதை மறைக்க வேண்டாம். ஒரு படி மேலே போங்கள்: இரண்டுக்கும் பொதுவானது எது? ஒருமித்துப் போவதன் மீதுள்ள பயம். அதை எந்தக் கட்சியின் கணக்கில் எழுதுவது என்பதைப் பார்ப்பவர் முடிவு செய்துகொண்டார். 1978இல் அதே கதை சான் பிரான்சிஸ்கோ நகருக்கும், 1993இல் ராணுவ முகாமுக்கும் போனது அதனால்தான் முடிந்தது.

கழித்தல் கணக்கு இங்கேயும் உண்டு. நாயகன் நெடுஞ்சாலையில் நின்று ‘அடுத்தது நீதான்’ என்று கத்துவதோடு படம் முடிய வேண்டும் என்பது இயக்குநர் டான் சீகலின் எண்ணம். ஸ்டுடியோ முன்னாலும் பின்னாலும் ஆஸ்பத்திரிக் காட்சிகளை ஒட்ட வைத்து அதிகாரிகளை உதவிக்கு வரவழைத்தது. ‘அரசாங்கத்தின் மேல் நம்பிக்கை வைக்கிறது படம்’ என்று எழுதினால், நீங்கள் விளக்குவது ஸ்டுடியோவை.

‘ஹை நூன்’ படத்தையும் இப்படி எதிரெதிர்ப் பக்கத்தார் தங்கள் கணக்கில் எழுதிக்கொண்டார்கள். எழுதிய கார்ல் ஃபோர்மேன், படம்பிடிப்பு நடந்துகொண்டிருந்த 1951இல் கம்யூனிஸ்டுகளை விசாரித்த நாடாளுமன்றக் குழு முன் நின்றவர். பிறர் பெயரைச் சொல்ல மறுத்து, பிறகு இங்கிலாந்துக்குப் போய்விட்டார். ஒவ்வொரு கதவும் சாத்தப்படும் காட்சிகளின் சூடு அங்கிருந்து வருவது. வெஸ்டர்ன் நடிகர் ஜான் வெய்னுக்கு அந்தப் படம் அறவே பிடிக்கவில்லை. இயக்குநர் ஹோவர்ட் ஹாக்ஸோடு சேர்ந்து 1959இல் ‘ரியோ பிராவோ’ என்று மறுப்புப் படமே செய்தார். அங்கே ஊர்க்காரர்களின் உதவியை ஷெரிப்தான் வேண்டாம் என்கிறான். வேடிக்கை என்னவென்றால், 1989 ஜூன் தேர்தலில் போலந்தின் ஆளும் கம்யூனிஸ்டுகளை எதிர்த்த சாலிடாரிட்டி அமைப்பு, மார்ஷலாக நடித்த கேரி கூப்பர் ஓட்டுச் சீட்டோடு நடந்து வரும் உருவத்தைத்தான் போஸ்டராக ஒட்டியது.

9. கேலியா, நிஜமா?

படம் ஒரு கருத்தைச் சொல்கிறதா, அந்தக் கருத்தைக் கேலி செய்கிறதா என்பதில் அனுபவசாலிகளும் வழுக்கி விழுவார்கள். பால் வெர்ஹோவனின் ‘ஸ்டார்ஷிப் ட்ரூப்பர்ஸ்’ (1997) வந்தபோது பல விமரிசகர்கள் அதைப் பாசிசத்துக்குத் துதி என்று எழுதினார்கள். வெர்ஹோவன் நாஜிகள் பிடித்து வைத்திருந்த நெதர்லாந்தில் சிறுவயதைக் கழித்தவர்.

சோதனை எளிது. வசனம் சொல்வதையும் படச்சட்டம் காட்டுவதையும் பக்கத்துப் பக்கத்தில் எழுதுங்கள். ஆள்சேர்ப்பு அதிகாரி நாயகனிடம், காலாட்படைதான் தன்னை இன்றைய மனிதனாக ஆக்கியது என்று பெருமையாகச் சொல்கிறார். கேமரா விலகும்போது அவருக்கு இரண்டு காலும் இல்லை, ஒரு கை செயற்கை. வாய் ஒன்று சொல்ல, படச்சட்டம் வேறொன்று காட்டினால் கேலி. இரண்டும் முழுப் படத்திலும் ஒத்துப்போனால் படம் நிஜமாகவே அதை நம்புகிறது.

பிடித்ததை மட்டும் பார்ப்பதன் ஆபத்துக்கு ஜான் கார்பென்டரின் ‘தே லிவ்’ (1988) உதாரணம். கறுப்புக் கண்ணாடி போட்டால் விளம்பரப் பலகைகளில் ‘கீழ்ப்படி’, ‘வாங்கு’ என்ற கட்டளைகளும், பணக்காரர்களின் முகத்துக்குப் பின்னால் வேற்றுக்கிரக மண்டையோடும் தெரியும். டாலர் நோட்டில் ‘இதுவே உன் தெய்வம்’ என்று இருக்கும். படத்தில் சேரிகளை இடிக்கும் போலீஸ், வேலையில்லாதவர் முகாம் எல்லாம் வருகின்றன. இருந்தும் யூதர்களைப் பற்றிய படம் என்று நவநாஜிகள் பரப்பினார்கள். கட்டுப்பாடற்ற முதலாளித்துவத்தைப் பற்றியது என்று 2017 ஜனவரியில் கார்பென்டரே மறுக்க வேண்டியிருந்தது. இயக்குநர் சொல் எப்போதும் கடைசித் தீர்ப்பல்ல. இங்கே அவர் சொல்லாவிட்டாலும் இடிக்கப்படும் குடிசைகள் அந்தப் பொய்க்கு இடம் தரவில்லை.

10. எழுதும்போது

முதலில் ஒரே வாக்கியம். ‘இந்தப் படம் மேலுக்கு இன்னதைச் சொல்கிறது, அதன் அடியில் இன்னதைச் சொல்கிறது, ஏனென்றால் வழக்கமாக இப்படி நடக்கும் இடத்தில் அப்படி நடக்கிறது.’ இந்த அச்சில் உங்கள் விளக்கம் அடங்கவில்லையென்றால் இன்னும் தயாராகவில்லை. ‘மனித வாழ்வின் நிலையாமை’ மாதிரி எந்தப் படத்துக்கும் ஒட்டக்கூடிய சொற்கள் வந்தால் அடித்துவிடுங்கள்.

சாட்சிக்கு நான்கு காட்சி போதும். ஒன்றை மட்டும் ஷாட் ஷாட்டாக விரித்து எழுதுங்கள், மற்றவை இரண்டிரண்டு வரி. உங்கள் விளக்கத்துக்கு ஒத்துவராத காட்சி ஒன்றையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுங்கள். மூன்றாம் முறை பார்ப்பது இந்தக் காட்சிகளைச் சரிபார்க்கத்தான். யார் எந்தப் பக்கம் நின்றார்கள், வசனம் யார் வாயில் வந்தது என்பதில் நினைவு ஏமாற்றும்.

பயிற்சிக்கு ஒரு வரிசை வேண்டுமென்றால்: முதலில் ‘தே லிவ்’, எல்லாம் மேற்பரப்பிலேயே இருப்பதால். அடுத்து ‘ஹை நூன்’, கதவுகளை எண்ணிப் பழக. பிறகு ‘கெட் அவுட்’, நோட்டு நிரம்ப. அதன் பின் ‘பாடி ஸ்நாட்சர்ஸ்’ 1956, 1978 இரண்டையும் அடுத்தடுத்து. ‘தி ஷைனிங்’ கடைசியில் இருக்கட்டும். அதைப் பார்க்கும்போது நோட்டின் மூன்றாம் பத்திக்குப் பக்கத்தில் நான்காவது ஒன்று போட்டு, ‘இதைச் செட்டில் யார், எதற்காக மாற்றியிருப்பார்கள்?’ என்று தலைப்பு எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.